கூகைக்கு முதுகு காட்டியவர்

அந்தப் படம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வாட்ஸ்அப்பில் வந்து விழுந்தது. இல்ஃபோர்டில் தன் வீட்டுச் சமையலறையில் நின்று யோகேஸ்வரன் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். படம் பிடிக்கிற தமிழர்கள் சிலர் சேர்ந்து வைத்திருந்த குழு அது. கோடை பிறந்தால் வார இறுதிகளில் எசெக்ஸ், கென்ற் பக்கத்து வயல்களுக்கும் சதுப்புகளுக்கும் கமராவும் சாப்பாட்டுப் பெட்டியுமாகப் போய் வருகிறவர்கள். படத்தை அனுப்பியவள் டொக்டர் பிரியம்வதா. யோகேஸ்வரன் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தார். அதன்பிறகு கோப்பையில் மிச்சம் இருந்தது ஆறிப்போனது.

புல் வெட்டிய வெளிக்கு மேலே, ஓர் ஆள் உயரத்தில், வெண்கூகை ஒன்று பறந்து வந்துகொண்டிருந்தது. இரண்டு சிறகும் முழுதாக விரிந்திருந்தன. இறங்குகிற வெயில் சிறகுக்குள்ளால் வடிந்து, இறகுகளை ஒவ்வொன்றாக எண்ணலாம் போல் காட்டியது. அலகில் ஒரு வயல் எலி. வெட்டிய புல்லின் தூசு இன்னும் அடங்காமல் காற்றில் நின்று பொன்னாக எரிந்தது. படத்தின் வலது மூலையில், தூரத்தில், பற்றை வேலி ஓரமாகத் தொப்பி போட்ட ஒரு மனிதர் பெரிய லென்ஸ் பூட்டிய கமராவின் பின்னால் குனிந்திருந்தார். கூகைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு கையை மேலே தூக்கியபடி.

அந்த மனிதர் யோகேஸ்வரன்தான்.

குழுவில் பாராட்டு குவிந்துகொண்டே போனது. பக்கத்து ஊரான பார்க்கிங்கில் இருக்கும் கிருசாந்தன், "அண்ணை கையைத் தூக்கிக் கூப்பிட்டவுடன கூகை வந்த மாதிரி இருக்கு. முனிவர்!" என்று எழுதிக் கும்பிடும் கைகளை வரிசையாகப் போட்டிருந்தான். யோகேஸ்வரன் படத்தை இரண்டு விரலால் பெருப்பித்தார். கூகையின் கண்ணில் மங்கல் இருக்குமா என்று பார்த்தார். இல்லை. சிறகு நுனி வெட்டுப்பட்டிருக்குமா? இல்லை. கடைசியில் அடிவானத்தில் ஒரு சரிவு அகப்பட்டது. மிகச் சிறிய சரிவு. அவருக்கு அது போதுமாயிருந்தது. எல்லோரும் எழுதி முடியும்வரை பொறுத்திருந்து, முற்றுப்புள்ளியெல்லாம் வைத்து எழுதினார்: "வாழ்த்துக்கள். நல்ல முயற்சி. அடிவானம் இடப்பக்கம் சற்றுச் சரிந்துள்ளது. கவனிக்கவும்."

உடனே பதில் வந்தது. "ஆமா அண்ணா, கரெக்ட்! மடியில தயிர்சாத டப்பா இருந்துச்சு, நேரா உக்கார முடியல."

தயிர்சாத டப்பா. யோகேஸ்வரன் தொலைபேசியை மேசையில் குப்புற வைத்தார்.

அந்த வயலைக் கண்டுபிடித்தவரே அவர். ஓங்கர் என்ற ஊர் தாண்டி, ஒரு காரே மட்டுமட்டாகப் போகக்கூடிய ஒழுங்கையின் முடிவில் இருந்தது. அந்த நிலத்துக்காரருக்கு முறையாகக் கடிதம் எழுதி அனுமதி வாங்கியவரும் அவர்தான். கிழக்கு லண்டனில் ஒரு பஸ் கம்பனியில் சாரதிகளுக்கு ஷிப்ட் அட்டவணை போடுவது அவருடைய உத்தியோகம். எந்தப் பஸ் எந்த நிமிடத்தில் எங்கே நிற்கும் என்று சொல்லத் தெரிந்தவர், ஒரு கூகை எங்கே வந்து இருக்கும் என்றும் சொல்லிவிடலாம் என்று நம்பினார். நம்பிக்கை வீண்போகவுமில்லை. வேலிக் கட்டைகளில் ஒன்றின் அடியில் வெள்ளை எச்சமும், எலி மயிரும் எலும்புமாகக் கூகை கக்கிய உருண்டைகளும் கிடந்ததைக் கண்டு, இதுதான் அதன் கதிரை என்று முடிவு கட்டினார். சனிக்கிழமை பின்னேரம் வெள்ளனவே போய், காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து, பற்றை வேலியோடு ஒட்டி ட்ரைபொட்டை நிறுத்தி, கமராவின் தலையில் பொருத்துகிற சின்னக் குமிழ்மட்டத்தில் குமிழ் நடுவுக்கு வரும்வரை அதன் கால்களை ஒவ்வொன்றாகத் திருகி, லென்ஸை அந்தக் கட்டைக்குக் குறிவைத்துவிட்டு இருந்தார். தும்மல் வந்தபோது மூக்கைப் பொத்தி விழுங்கினார்.

பிரியம்வதா வந்தது வெயில் சாயத் தொடங்கிய பிறகு. கரூர்க்காரி. ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுக்கிற டொக்டர். ஷிப்ட் முடிந்த கையோடு வந்திருந்தாள். படலையடியில் காரை நிறுத்தி, பின்கதவைத் திறந்து அதிலேயே ஏறி இருந்து டப்பாவைத் திறந்தாள். ஊறுகாய் வாசம் யோகேஸ்வரன் இருந்த இடம் வரைக்கும் வந்தது.

"அண்ணா, சாப்பிடுறீங்களா?"

"சத்தம் போடாதேங்கோ டொக்டர். அது வாற நேரம்."

"சரி சரி."

இரண்டு வருடங்களுக்கு முன்புதான் அவள் குழுவில் சேர்ந்தாள். கமரா, யாரோ பாவித்துக் கழித்தது. ட்ரைபொட் கிடையாது. எங்கேயும் நேரத்துக்கு வந்ததில்லை. ஆனால் நான்கு கோடையாக யோகேஸ்வரன் விடியற்காலைப் பனியில் குப்புறக் கிடந்து பிடித்த காட்டுமுயல், அவளுக்கு முதல் நாளே, கார் நிறுத்தின இடத்தில் வந்து நின்று காதைச் சொறிந்தது. அவர் வெளியில் எதையும் காட்டவில்லை. வீட்டுக்கு வந்து மனைவி வாணியிடம் மட்டும், "உதெல்லாம் வாய்ப்பு, வேறொண்டுமில்லை" என்று சொன்னார். இரண்டு நாள் கழித்து வெண்டிக்காய் நறுக்கும்போது, யாரும் கேட்காமலே அதைத் திரும்பச் சொன்னார்.

அந்தச் சனிக்கிழமையும் அப்படியே நடந்தது. பிரியம்வதா மெல்லக் கூப்பிட்டாள். "அண்ணா..." யோகேஸ்வரன் கட்டையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அண்ணா, பின்னால..." யோகேஸ்வரன் திரும்பாமலே ஒரு கையை மேலே தூக்கினார். வாயை மூடு என்பதற்கு இதைவிட மரியாதையான சைகை அவரிடம் இல்லை. அந்தக் கணத்தில் அவள் கமரா கிளிக் என்றது. அவர் திரும்பிப் பார்த்தபோது வெள்ளையாக ஏதோ ஒன்று ஓக் மரங்களுக்குள் போய் மறைந்தது. கட்டை வெறுமையாக இருந்தது. இருட்டும்வரைக்கும் வெறுமையாகவே இருந்தது.

அந்தக் கை எதற்காக எழும்பியது என்பது உலகத்தில் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும். அவள் அதைக் குழுவில் எழுதவில்லை. அதுவும் அவரைச் சுட்டது.

செப்டம்பரில் மெற்றில்டா அக்காவின் கலண்டர் கதை வந்தது.

இல்ஃபோர்டில் மெற்றில்டா ஸ்டோர்ஸில் மரக்கறி வாங்குகிற எல்லோருக்கும் வருடப் பிறப்புக்கு ஒரு கலண்டர் கிடைக்கும். தடித்த அட்டையில் மேலே ஒரு படம், கீழே நாளுக்கொன்றாகக் கிழிக்கிற தாள்கட்டு, ராகுகாலம் கௌரி பஞ்சாங்கம் எல்லாவற்றோடும். வருடம் முழுவதும் அதே ஒரு படம்தான். இல்ஃபோர்டிலிருந்து பார்க்கிங் வரைக்கும் தமிழ்ச் சமையலறைகளில் அதுதான் தொங்கும்.

"இனிச் சாமி வேண்டாம், யோகேஸ் அண்ணை" என்றார் மெற்றில்டா, கல்லாவுக்குப் பின்னாலிருந்து. "முருகனைப் போட்டா வள்ளி எங்க எண்டு கேக்கினம். மாதாவைப் போட்டா பாதிப் பேர் கொண்டுபோய்ப் பிள்ளையின்ர கொப்பிக்கு உறை போடுகினம். போன முறை பிள்ளையாற்ற தும்பிக்கை வலமோ இடமோ எண்டு கடைக்குள்ளயே சண்டை. இந்த முறை இந்த நாட்டுக் கோடை. பூவோ, பறவையோ, மிருகமோ. உங்கட குழுவில ஆளுக்கு மூண்டு படம் தாங்கோ. நான் ஒண்டு எடுக்கிறன்."

யோகேஸ்வரனுக்கு அன்று இரவு நித்திரை வரவில்லை. பதினொரு வருடமாகப் படம் பிடிக்கிறார். வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்களுக்குக் காட்டினால், இரண்டாவது படத்திலேயே "வடிவாய் இருக்கு, சாப்பிடுவமோ?" என்பார்கள். கலண்டரில் வந்தால் அப்படித் தப்ப முடியாது. தினமும் தாள் கிழிக்கும்போது பார்த்துத்தான் ஆகவேண்டும். கீழே பெயரும் இருக்கும். அதே நினைப்போடு இன்னொரு நினைப்பும் எழும்பி வந்து கட்டிலில் பக்கத்தில் படுத்துக்கொண்டது. கூகைப் படம் வந்துவிட்டால்? அத்தனை சமையலறைகளிலும், முந்நூற்றறுபத்தைந்து நாளும், அவர் கூகைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்திருப்பார். கீழே பெயர் பிரியம்வதா என்று இருக்கும்.

அவர் கொடுத்த மூன்றில் முதலாவது, பனி நனைத்த புல்லுக்குள் நிற்கும் காட்டுமுயல். இரண்டாவது, விடியற்காலைப் புகாருக்குள் சிவந்து கிடக்கும் பொப்பி வயல். மூன்றாவதற்கு மனதுக்குப் பிடித்தது ஒன்றும் அகப்படாமல், கணக்கை நிரப்ப ஒரு நரியை வைத்தார். வாணி அதைப் பார்த்துவிட்டு, "உது எங்கட பின்வளவு நரி எல்லே? குப்பை எடுக்கிற நாளில தொட்டியைக் கவிட்டுக் கிளறுறது?" என்றாள்.

"புல்லுக்குள்ள நிக்குது. எந்த இடம் எண்டு ஆருக்குத் தெரியும்?"

"புல்லு வெட்டச் சொல்லி நான் மூண்டு மாதமாக் கத்தினது படத்துக்காகவோ?"

உண்மைதான். சமையலறை யன்னலால் எடுத்தது அது. படத்தின் இடது ஓரத்துக்கு அரை அடி தள்ளிக் கவுன்சிலின் குப்பைத்தொட்டி நின்றது. அதைக் கச்சிதமாக வெட்டி எடுத்திருந்தார்.

படங்களைக் கொண்டுபோன அன்று கடையில் கூட்டமில்லை. பிரியம்வதாவின் படங்கள் முதலே வந்து, அரிசி மூட்டைகளின் மேல் பரப்பிக் கிடந்தன. மெற்றில்டா கூகையைக் கையில் எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்தார். மெற்றில்டா பேசாமல் இருந்து யோகேஸ்வரன் அதுவரை கண்டதில்லை.

"என்ர மாதாவே" என்றார் பிறகு. "பாருங்கோ, மோட்சத்தில இருந்து ஒரு சம்மனசு இறங்கி வாற மாதிரி. உந்த டொக்டர் பிள்ளை சீவன்களுக்கும் ஊசி போட்டிட்டுத்தான் எடுக்கிறாவோ? இதுதான் அண்ணை. முடிஞ்சுது. மற்றதுகளைப் பாக்கவும் தேவையில்லை."

யோகேஸ்வரன் முயலைப் பார்த்தார். அது மூட்டையின் ஓரத்தில், வெங்காயச் சருகு ஒட்டிய இடத்தில், தலைகீழாகக் கிடந்தது.

"அருமையான படம்" என்றார். சொன்னது மனதாரத்தான். அதுதான் அவருக்கு அந்தரமாயிருந்தது. "இதை விட்டிட்டு வேற எடுக்க ஏலாது. ஒண்டே ஒண்டுதான் யோசிக்கிறன்."

"என்ன?"

"எங்கட சனம் காலமை எழும்பி அடுப்படிக்கு வந்தா முதலில முழிக்கிறது கலண்டரிலதானே."

"அதுக்கு?"

"ஒண்டுமில்லை அக்கா. இங்க இதுக்கு வேற பேர். ஊரில இதைச் சாக்குருவி எண்டெல்லே சொல்லுறவை."

அந்தச் சொல்லை அவர் ஒரு காலத்திலும் நம்பியவரல்ல. ஊருக்குப் போகும்போது கூகை கத்தினால் எந்த மரம் என்று டோர்ச்சோடு தேடிப் போகிற ஆள். ஆனால் அந்தச் சொல், பல நாள் சட்டைப் பைக்குள் வைத்திருந்த சில்லறை போல, இலகுவாக வெளியே வந்தது.

மெற்றில்டா படத்தைத் தாழ்த்தினார். "நான் வேதக்காரி. எனக்கு அன்னமும் ஒண்டுதான், ஆந்தையும் ஒண்டுதான்."

"எனக்கும்தான்."

"ஆனா ஜனவரியில ஆற்றையும் வீட்டில ஒரு செத்தவீடு நடந்தா?"

"நடக்கும்தானே. குளிர் காலம்."

"நடந்தா மெற்றில்டாவின்ர கலண்டர்தான் கொண்டது எண்டுவினம். பிறகு கத்தரிக்காய் ஆர் வாங்குவினம்?" மெற்றில்டா பெருமூச்சோடு கூகையைக் கீழே வைத்தார். கவிழ்த்து வைத்தார். யோகேஸ்வரன் முயலை நிமிர்த்தி, சருகைத் தட்டி, மெற்றில்டாவின் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தார்.

"இதைப் பாருங்கோ அக்கா. நாலு கோடை. மீசையில பனித்துளி நிக்குது, தெரியுதோ?"

மெற்றில்டா முயலைப் பார்க்கவில்லை. அவர் கண் வேறொரு இடத்தில் நின்றது. "பொறுங்கோ, பொறுங்கோ. முகத்தில முழிக்கிறது எண்டு சொன்னியள். இது ஆற்ற நரி?"

"என்ரதான். அது சும்மா..."

"நேர பாக்குது! நரி முகத்தில முழிச்ச மாதிரி எண்டு எல்லாரும் சொல்லுறதெல்லே! அண்ணை, நீங்கள் பெரிய மூளைக்காரன். முதலே யோசிச்சுத்தான் வைச்சிருக்கிறியள்."

"இல்லை அக்கா, முயல்..."

"முயலைக் கண்டா எனக்குக் கறிதான் ஞாபகம் வரும்" என்று சொல்லி, மெற்றில்டா நரியை எடுத்துக் கல்லாவுக்குள் வைத்துப் பூட்டினார்.

அடுத்த நாள் பிரியம்வதா போன் பண்ணினாள். யோகேஸ்வரன் அது அடித்து நிற்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். அவள் திரும்ப அடித்தாள்.

"அண்ணா! கங்கிராட்ஸ்! மெட்டில்டா அக்கா சொன்னாங்க. ஆந்தை வேணாம்னு யாரோ சொன்னாங்களாமே. நல்லவேளை. எங்கம்மாவா இருந்தா அந்தக் காலண்டரை வாசல்லயே வச்சு எரிச்சிருப்பாங்க. எனக்கு இது தோணவே இல்ல பாருங்க."

"உங்கட படம்தான் திறம், டொக்டர்" என்றார் யோகேஸ்வரன்.

"அதெல்லாம் இல்ல. நரி சூப்பர். எந்தக் காடு அண்ணா?"

"அது... இங்க கிட்டத்தான்."

போனை வைத்த பிறகும் அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் குரலில் ஒரு சுருக்கம், ஒரு சின்னக் கசப்பு, ஏதாவது இருந்ததா என்று காதுக்குள் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார். கிடைக்கவில்லை. படத்தை வாய்ப்பு என்று சொல்லித் தப்பலாம். கசப்பில்லாத இந்தக் குரலை என்னவென்று சொல்வது?

வருடம் பிறந்தது. நரி ஊரெல்லாம் சுவர்களில் ஏறியது. அட்டையில் "இங்கிலாந்தின் கோடை" என்று வளைவான எழுத்தில், கீழே அவர் பெயர். கோயிலில், சலூனில், பிறந்தநாள் வீடுகளில் சனம் அவரை மறித்தது. "அண்ணை, உங்கட நரி வந்த கையோட மருமகனுக்கு வேலை கிடைச்சிட்டுது." "எங்கட சின்னவள் டிரைவிங் பாஸ் பண்ணிட்டாள், நாலாந் தரம்." ஒருநாள் பார்க்கிங்கில் ஒரு வீட்டில் தாங்காமல் கேட்டார்: "அது சரி, படம் எப்பிடி?" வீட்டுக்காரர் கலண்டரை நிமிர்ந்து பார்த்தார். "படமோ? நல்ல கொழுத்த நரி" என்றார்.

தைப்பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை பிரியம்வதா வீட்டுக்கு வந்தாள். ஒரு கையில் சர்க்கரைப்பொங்கல், மற்றக் கைக்குள் அகலமான ஒரு பார்சல். யோகேஸ்வரனுக்குப் பார்சலின் அளவைக் கண்டதுமே விளங்கிவிட்டது.

"அண்ணா, இது உங்களுக்கு. வயலும் உங்களுது, படத்துல இருக்கிறதும் நீங்க. நான் வச்சிருந்து என்ன பண்ண?"

வாணி தாளைக் கிழித்தாள். சட்டம் போட்டு, கண்ணாடி போட்டு, கூகை மேசை அகலத்துக்கு விரிந்து வந்தது. தொலைபேசியில் தெரியாததெல்லாம் இப்போது தெரிந்தது. எலியின் வாலில் வெயில். தூசுக்குள் மிதக்கும் ஒரு புல் விதை. வேலியோரத்து மனிதரின் தூக்கிய கையில் விரல்களுக்கு நடுவிலும் அதே வெயில். யோகேஸ்வரன் தன்னை அறியாமலே அடிவானத்தைத் தேடினார்.

"நேராக்கிட்டேன் அண்ணா" என்றாள் பிரியம்வதா. "நீங்க சொன்ன மாதிரி. எவ்வளவு மாறிடுச்சு பாருங்க. உங்க கண்ணு இருக்கே!"

அவருக்கென்று மிச்சம் இருந்தது அந்தச் சரிவு ஒன்றுதான். அதையும் அவரே எடுத்துக் கொடுத்திருந்தார்.

"அடுப்படியில மாட்டுவம்" என்றாள் வாணி.

"வேண்டாம். உது வீட்டில மாட்டுற படமில்லை."

"ஏன்?"

"சனம் ஒரு மாதிரிச் சொல்லும்."

"எந்தச் சனம்? ஆர் உப்பிடிச் சொன்னது?"

பிரியம்வதாவும் அவரை நிமிர்ந்து பார்த்தாள். கேள்வியாக ஒன்றுமில்லை, சும்மா பார்த்தாள். யோகேஸ்வரன் கிழித்த பார்சல் தாளை எடுத்து மடித்தார். வாணி அதற்குள் மேசை லாச்சியைத் திறந்து ஆணியைத் தேடத் தொடங்கிவிட்டாள்.

"கிருசாந்தன் தம்பி எழுதினவன், அண்ணை கூகையைக் கூப்பிடுறார் எண்டு" என்றாள், தேடிக்கொண்டே. "விசரன். உந்தக் கையை எனக்குத் தெரியாதே? நான் ஒரு கதை சொல்ல வெளிக்கிட்டா உந்தக் கைதானே எழும்பும். டொக்டர், நீங்கள் அவரைக் கூப்பிட்டனீங்களோ?"

பிரியம்வதா சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. "நான் யார்கிட்டயும் சொல்லல அண்ணா. சத்தியமா."

"நீங்கள் ஏன் சொல்லோணும்? அதுதான் முதுகிலயே எழுதி இருக்கே" என்றாள் வாணி. "இந்தாங்கோ அப்பா, சுத்தியல். நேராய் அடியுங்கோ."

அடித்தார். நரிக் கலண்டர் கதவோரச் சுவரில் கிடந்தது. கூகைக்குக் கிடைத்தது அதற்கு எதிர்ச் சுவர், யன்னலுக்கு மேலே, காலையில் அடுப்படிக்குள் காலை வைத்ததும் கண் போகிற இடம்.

அவர் தடுத்து நிறுத்திய அத்தனை சமையலறைகளிலும் இல்லாத கூகை, அவருடைய சமையலறையில் மட்டும் பறந்துகொண்டிருக்கிறது. ஒவ்வொரு காலையும் அவர் வந்து கேத்திலைப் போட்டுவிட்டு நிமிர்கிறார். கூகை வருகிறது. மனிதர் திரும்பவில்லை. கேத்தில் கொதித்து நிற்கும்வரை பார்க்கிறார். மனிதர் அப்போதும் திரும்பவில்லை. யன்னலுக்கு வெளியே, இன்னும் வெட்டாத புல்லுக்குள் நரி வந்து தொட்டியைக் கிளறிவிட்டுப் போகிறது. அதை அவர் பார்ப்பதில்லை.

ஒருநாள் வாணி சந்தைக்குப் போயிருந்த நேரம், கமராப் பெட்டியைத் திறந்து குமிழ்மட்டத்தை எடுத்து வந்தார். கதிரையில் ஏறி, சட்டத்தின் மேல் விளிம்பில் அதை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்.

குமிழ் நட்டநடுவில் வந்து நின்றது.